மாவத்தங்குடி அம்சவல்லியும் இருபத்து நான்காவது ஹீட்டரும்

மன்னார்குடியில் அறையைச் சூடாக்கும் ஹீட்டர் விற்ற மகானுபாவன் நான்தான். சிரிக்க வேண்டியவர்கள் இங்கேயே சிரித்து முடித்துவிட்டு மேலே வரலாம். சித்திரையில் தார் ரோடு இளகிச் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும் ஊர் இது. மார்கழியில் தலைக்கு ஒரு துண்டைச் சுற்றினால் எங்கள் குளிர்காலம் முடிந்துவிடும். இங்கே ஹீட்டர் விற்க அசட்டுத் துணிச்சல் மட்டும் போதாது, மேலே ஒரு கம்பெனியின் மிரட்டலும் வேண்டும். கோடைக்கு நூறு மின்விசிறி வேண்டுமென்றால் கூடவே இருபத்து நான்கு ஹீட்டரையும் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார்கள். எடுத்தேன், பரணில் போட்டேன். பல்லிகள் குடும்பம் நடத்தின.

ஆனால் நான் எழுத வந்தது என்னைப் பற்றி அல்ல. அந்த இருபத்து நான்கில் கடைசி ஹீட்டரை வாங்கிய அம்சவல்லியைப் பற்றி. என்னைப் பற்றி எழுத எதுவும் இல்லை. எங்கள் குடும்பத்தைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, ஆனால் எங்கள் குடும்பத்தில் யாரும் அதை எழுத மாட்டார்கள்.

மன்னார்குடியிலிருந்து எட்டு மைலில் இருக்கிறது மாவத்தங்குடி. ஒரு காலத்தில் அங்கே எங்கள் தாத்தாவுக்கு நாற்பது வேலி நிலம். ஒருவர் பெயரில் இவ்வளவு நிலம்தான் இருக்கலாம் என்று உச்சவரம்புச் சட்டம் வந்தபோது எங்கள் வீட்டு மாட்டுக்காரர், சமையற்காரர், செத்துப்போன அத்தை வரை எல்லாருக்கும் நிலம் கிடைத்தது. தங்களுக்கு நிலம் கிடைத்த செய்தி மட்டும் அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. சட்டம் போட்ட கட்சிக்காரர்கள் எங்கள் வீட்டில் காபி குடித்துவிட்டுப் போய் மேடையில் எங்களைத் திட்டினார்கள். அடுத்து வந்த கட்சியும் அதே டம்ளரில்தான் குடித்தது. தாத்தா யாருக்கும் காபியில் குறை வைத்ததில்லை.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத் தெருவில் இருந்த காத்தான், தாத்தாவிடம் ஒன்றேகால் ஏக்கர் குத்தகைக்குப் பயிர் செய்துவந்தார். அம்சவல்லி அவருடைய மகள். 1970இல் குத்தகைக்காரர்கள் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. பதிந்துவிட்டால் நிலத்தைவிட்டுக் கிளப்ப முடியாது. காத்தானிடம் பன்னிரண்டு வருஷத்துக் குத்தகை ரசீதுகள் இருந்தன. எங்கள் கணக்குப்பிள்ளை துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தவை. அவற்றை மூங்கில் குழாய்க்குள் சுருட்டிக் கூரையில் செருகி வைத்திருந்தார். தாசில்தார் விசாரணைக்கு வருவதற்கு மூன்று நாள் முன்னால், தெருவே நடவுக்குப் போயிருந்த பட்டப்பகலில், பதினோரு குடிசைகள் எரிந்தன. உயிர்ச்சேதம் இல்லை என்று எழுதினார்கள். இரண்டு ஆடுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

தீக்குக் காரணம் மின்கசிவு என்று முடிவானது. அந்தத் தெருவுக்கு முதல் மின்கம்பம் நட்டது 1981இல். மின்சாரம் வருவதற்குப் பதினோரு வருஷம் முன்பே அதில் கசிவு ஏற்பட்ட தெரு உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். மின்சாமான் கடைக்காரன் என்ற முறையில் எனக்கு இதில் தொழில்ரீதியான வியப்பு உண்டு.

தாத்தா அன்றைக்கு மன்னார்குடிக் கோயிலில் இருந்தார் என்று எல்லாரும் சொன்னார்கள். இருந்தார்தான். தீ வைப்பவர் நேரில் போய்த்தான் வைக்க வேண்டும் என்று எங்கும் விதி இல்லை. தாசில்தார் வந்தார், ஆதாரம் கேட்டார். காத்தான் கை நிறையச் சாம்பலைக் காட்டினார். 'ஆதாரம் இல்லை' என்று எழுதிக்கொண்டு தாசில்தார் எங்கள் வீட்டுக்குக் காபி குடிக்க வந்தார். அடுத்த போகத்திலிருந்து அதே ஒன்றேகால் ஏக்கரில் காத்தான் கூலிக்கு வேலை செய்தார். அம்சவல்லிக்கு அப்போது பன்னிரண்டு வயது. அதே வயலில் நாற்று முடி சுமந்தார்.

அதற்கப்புறம் அம்சவல்லி எதையும் நம்பியதில்லை. அளந்தார், எண்ணினார், சரிபார்த்தார். கூலி அளக்கும் மரக்காலும் குத்தகை வாங்கும் மரக்காலும் ஒரே அளவில்லை என்பதைப் பத்தொன்பது வயதில் களத்தில் எல்லார் முன்னாலும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நெல்லைக் கொட்டிக் காட்டியவர் அவர்தான். எங்கள் வீட்டில் அதற்கு 'திமிர்' என்று பெயர். அந்த வருஷ வேலைநிறுத்தத்தில் செங்கொடி பிடித்து நின்ற மருதையனைக் கல்யாணம் செய்துகொண்டார். அதற்கும் திமிர் என்றுதான் பெயர். எங்களிடம் அந்த ஒரு சொல்தான் கைவசம் இருந்தது. மருதையன் இறந்து வெகுநாள் ஆகிறது.

முப்பத்து நாலு வயதில் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்டார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பேப்பரில் சினிமாச் செய்தி படிப்பார்கள். அம்சவல்லி ரேஷன் கடைப் பலகையைப் படித்தார், பஞ்சாயத்து ரசீதின் பின்பக்கத்தைப் படித்தார், மருந்துச் சீட்டின் அடியில் எறும்பு போல ஊர்ந்த எழுத்தையும் படித்தார். மகன் இராஜாங்கம் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் வெல்டராகிப் பணம் அனுப்பியபோது அவர் வாங்கியது அதே ஒன்றேகால் ஏக்கர். விற்றது என் அப்பா. பத்திரப்பதிவு அலுவலகத்தில் அம்சவல்லி பதினோரு பக்கத்தையும் எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். சார்பதிவாளருக்கு அன்றைக்குச் சாப்பாடு மூன்றரை மணிக்கு.

காத்தான் எங்கள் தாத்தாவைச் 'சாமி' என்பார். அம்சவல்லி என்னைக் 'கடைக்காரரே' என்பார். நான் 'வாங்கம்மா' என்பேன். கல்லாவில் உட்கார்ந்தால் சமத்துவம் தானாக வந்துவிடும்.

ஹீட்டர் கதை 2011 புரட்டாசி, ஐப்பசியில் நடந்தது. அணை நேரத்துக்குத் திறந்து, குறுவை அமோகமாக விளைந்து, அறுவடை அன்று மழை பிடித்துக்கொண்டது. விளையும்போது வராத மழை அறுக்கும்போது தவறாமல் வரும், அதற்கு எங்கள் மேல் அவ்வளவு பிரியம். அரசாங்கக் கொள்முதல் நிலையத்தில் பதினேழு சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் நெல்லை வாங்க மாட்டார்கள். முதலில் மஞ்சள் பையில் கொஞ்சம் சாம்பிள் கொண்டுபோய் ஈரம் பார்க்கும் மிஷினில் காட்ட வேண்டும். தேறினால்தான் நெல்லை விற்க டோக்கன். ரோட்டில் காயவைத்த நெல் படுதாவுக்கு அடியில் முளைவிட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கோழிக்குஞ்சுக்குக் கதகதப்பாக இருக்கட்டும் என்று என்னிடம் ஹீட்டர் வாங்கியிருந்த வாத்தியார் ஒருவர், குஞ்சுகளை நகர்த்திவிட்டுச் சாம்பிள் நெல்லை அதன் முன்னால் பத்து நிமிஷம் காட்டினார். இருபத்திரண்டில் இருந்த ஈரம் பதினாறுக்கு வந்தது. டோக்கன் கிடைத்தது. செய்தி பரவியது. ஒரே வாரத்தில் பரணில் ஒரே ஒரு ஹீட்டரும் பல்லிகளும் மட்டும் மிச்சம். கம்பெனியின் ஏரியா மேனேஜர் காரில் வந்து எனக்குச் சால்வை போர்த்தினார். "சார், கொடைக்கானல் டீலரையே தாண்டிட்டீங்க. டெல்டாவுல அவ்வளவு குளிரா சார்?" என்று கேட்டார். சால்வைக்குள் வியர்த்துக்கொண்டே ஆமாம் என்றேன்.

கடைசி ஹீட்டருக்கு அம்சவல்லி வந்தார்.

"கடைக்காரரே, நெல்லு காயவைக்கிற மிஷினு இருக்காமே?"

"ஹீட்டரும்மா அது. ரூமைச் சூடு பண்றது."

"எங்க ரூமு சூடாத்தான் இருக்கு. நெல்லு காயுமா, காயாதா?"

"சாம்பிள் நல்லாக் காயும். பத்து நிமிஷம் போதும்."

"சாம்பிளு மட்டும் காஞ்சி என்னா பண்றது? நாப்பது மூட்ட இருக்கு. அதையும் குத்தூசி போட்டு எடுத்துப் பாப்பாங்கல்ல? ஈரத்த வெச்சிக்கிட்டு காஞ்ச நெல்லுன்னு கொடுத்தா அது திருட்டுல்ல?"

டோக்கன் கிடைத்தபின் மூட்டையை யாரும் குத்திப் பார்ப்பதில்லை, ஊரே செய்கிறது என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அம்சவல்லி பெட்டிக்குள்ளிருந்த விளக்கப் புத்தகத்தைப் பிரித்தார். அதில் தமிழ் தவிர மற்ற எல்லா மொழியும் இருந்தது.

"இதுல என்னா போட்டுருக்கு?"

துணி, சாக்கு, காகிதம் எதையும் மூன்றடிக்குள் வைக்காதே, ஆள் இல்லாமல் ஓடவிடாதே என்று போட்டிருந்தது. கடையில் அப்போது நாலு பேர் காத்திருந்தார்கள்.

"ஒண்ணுமில்லம்மா. கம்பெனி விளம்பரம்" என்றேன்.

வாழ்நாளில் அவர் வாசிக்காமல் நம்பிய ஒரே காகிதம் அதுவாகத்தான் இருக்கும். நம்பியது எங்கள் குடும்பத்து ஆளை. பட்டும் புத்தி வரவில்லை என்று அவரைச் சொல்ல மாட்டேன், என்னைச் சொல்லிக்கொள்கிறேன்.

ஊரில் மற்றவர்கள் ஹீட்டரைப் பத்து நிமிஷம் ஓட்டினார்கள், ஏமாற்றினார்கள், எடுத்து வைத்தார்கள். அம்சவல்லி தொகுப்பு வீட்டின் முன்னறையில் படுதா விரித்து, ஒவ்வொரு மூட்டையாகக் கொட்டி, கால்மணிக்கு ஒருதரம் கையால் புரட்டிப் புரட்டிக் காயவைத்தார். காய்ந்ததை மூட்டை கட்டி அதே அறையில் சுவரோரம் அடுக்கினார். நேர்மையாக இருந்ததால் அவருடைய ஹீட்டர் ஒரு நாளில் ஆறு மணி, ஏழு மணி நேரம் ஓடியது. சுற்றிலும் உலர்ந்த சாக்கு. ஏமாற்றியவர்களுக்கு ஆபத்தே இல்லை. கம்பெனி அவர்களை மனதில் வைத்துத்தான் அந்தப் பொருளைச் செய்திருக்க வேண்டும்.

இந்த நிலையில் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. விளக்கப் புத்தகத்தில் இடமில்லாத தமிழ் இதில் அழகாக வந்து உட்கார்ந்திருந்தது. இந்த மாடல் ஹீட்டரில் காற்று வரும் வாயை ஏதாவது மறைத்தால் தானாக அணைய வேண்டும், சிலவற்றில் அணையவில்லை, ஹீட்டரின் கூடு உருகித் தீப்பிடிக்கும் அபாயம் இருக்கிறது, வாங்கியவர்கள் உடனே பயன்பாட்டை நிறுத்த வேண்டும், டீலர் நேரில் பெற்று அனுப்ப வேண்டும், பதிலுக்கு மிக்ஸி வழங்கப்படும். அரசாங்கமே வீட்டுக்கு வீடு மிக்ஸி இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்த வருஷத்தில் பதிலுக்கு மிக்ஸி. 'ஏற்படும் சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம்.'

இருபத்து மூன்று ஹீட்டர் மூன்றே நாளில் வந்து சேர்ந்தது. டோக்கன் வாங்கிவிட்டதால் யாருக்கும் அதன் மேல் பாசம் இல்லை. வாத்தியார் மட்டும் குஞ்சுகளுக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டார்.

இருபத்து நான்காவதற்குப் போன் செய்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. நாளுக்கு நாலு மணி நேரம் மின்வெட்டு, யார் போனில்தான் சார்ஜ் இருந்தது? ஒரு கார்டு எழுதிப் போட்டேன். கடமை முடிந்தது என்று சொல்லிக்கொண்டேன். எட்டே மைல். ஸ்கூட்டரில் இருபது நிமிஷம். 1970க்குப் பிறகு எங்கள் குடும்பத்து ஆள் யாரும் அந்தத் தெருவுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. வரக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. எங்களுக்குப் போக முகமில்லை. அதற்கு நான் 'தீபாவளி வியாபாரம்' என்று பெயர் வைத்துக்கொண்டு பதினோரு நாள் ஓட்டினேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் என் மனைவி அகிலாண்டம் மேஜையில் அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டாள்.

"இன்னும் ஒண்ணு வரலையோ?"

"மாவத்தங்குடி. கார்டு போட்டிருக்கேன்."

"கார்டு போட்டேளா? அவாத்துல நெருப்புப் பிடிச்சா ஊர் என்ன பேசும்னு தெரியுமோல்லியோ? மறுபடியும் இவாதான்னு பேசும். முதல்ல கெளம்புங்கோ."

ஆக, நான் கிளம்பியது நல்லெண்ணத்தால் அல்ல. ஊர் வாய்க்குப் பயந்து. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அம்சவல்லி வீட்டில் பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டு ராசம்மாள் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். அவரைக் கேட்டேன்.

"அம்சவல்லி அக்காவா? டோக்கன் நம்பர கூப்புட்டாங்கன்னு கொள்முதலுக்கு ஓடியிருக்கு. பாதி மூட்ட டாட்டா ஏசுல போயிருச்சி. நீங்க யாரு?"

"மன்னார்குடி எலக்ட்ரிக் கடை."

அதற்கு மேல் விலாசம் சொல்ல எனக்கு அவசரம் இல்லை. காத்திருக்கலாம் என்று ஸ்கூட்டரை நிறுத்தினேன். மணி பன்னிரண்டு. சொல்லி வைத்தாற்போல மின்சாரம் வந்தது. தெருவிலிருந்த இலவசத் தொலைக்காட்சிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தன. பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து ஒரு கொர்ர் சத்தம்.

மின்வெட்டுக் காலத்தில் எங்கள் பக்கத்தில் யாரும் சுவிட்சை அணைப்பதில்லை. கரண்ட் வந்த நிமிஷம் மோட்டார் ஓட வேண்டும், மாவு அரைபட வேண்டும். ஒரு நிமிஷம் தவறினாலும் அது அடுத்தவன் வயலுக்குப் போய்விடும் என்பது போல ஒரு பதற்றம். போட்ட சுவிட்சு போட்டபடியே இருக்கும். அம்சவல்லியும் பத்து மணிக்குக் கரண்ட் போனபோது ஹீட்டரை அப்படியே விட்டுவிட்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கிறார். மூட்டைகளை இழுத்த இழுப்பில் மேலே இருந்த ஒன்று சரிந்து ஹீட்டர் வாயை அடைத்துக்கொண்டு கிடந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடிதத்தில் எழுதியிருந்ததை அப்படியே படம் பிடித்து வைத்தது போல இருந்தது. பிளாஸ்டிக் உருகும் நாற்றம் மூக்கில் ஏறியது. சாக்கின் விளிம்பிலிருந்து புகை கிளம்பியது.

மீட்டர் பெட்டி வெளியே வாசல் சுவரில் இருந்தது. ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி எறிந்தேன். சத்தம் நின்றது, புகை நிற்கவில்லை. பூட்டை உடைக்க வேண்டும். கல்லைத் தேடிக் குனிந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தெரு. பூட்டிய வீடு. தெருவார் பாதிப் பேர் வேலைக்குப் போயிருக்கும் பட்டப்பகல். கூரைக்குக் கீழிருந்து புகை. வாசலில், கையில் கல்லோடு, எங்கள் தாத்தாவின் பேரன். கல்லைக் கீழே போட்டுவிட்டு ஸ்கூட்டரைப் பார்த்தேன். இரண்டு நொடி இருக்கும். ஓடிவிடலாம் என்று நினைத்தேன். அந்த இரண்டு நொடியை இன்றுவரை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

ராசம்மாள் ஓடிவந்தார். கையில் விறகு பிளந்த கோடாலி.

"என்னாய்யா பொக? என்னா பண்ணுனீங்க?"

"பூட்டை உடைங்கம்மா, சீக்கிரம்! ஹீட்டர் பத்திக்கிச்சு!"

நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் என் முகத்தை உற்றுப் பார்த்து, "இது மேலத்தெரு மிராசு வூட்டு ஆளுல்ல?" என்றார். ராசம்மாள், "அத அப்புறம் கேட்டுக்கலாம், தண்ணி கொண்டாங்க!" என்று பூட்டை ஒரே அடியில் தெறிக்கவிட்டார். நான்கு குடம் தண்ணீரில் தீ அடங்கியது. ஒரு மூட்டை கருகியிருந்தது. மூன்று மூட்டை நனைந்திருந்தது. ஹீட்டர் பாதி உருகி வெல்லப்பாகு போலத் தரையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

யாரோ போய்ச் சொல்லி அம்சவல்லி வந்துவிட்டார். மூச்சிரைக்க உள்ளே நுழைந்து சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு மேலே இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். பட்டா, கிரயப் பத்திரம், சிட்டா. ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துத் திரும்ப உள்ளே வைத்தார். அப்புறம்தான் நனைந்த மூட்டைக்குள் கையை விட்டார்.

"போச்சி. பதினாறுல இருந்த நெல்லு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "என்னா கடைக்காரரே, இவ்ளோ தூரம்?"

கடிதத்தை நீட்டினேன். வாசற்படியில் உட்கார்ந்து, தெருவே கேட்க, எழுத்துக்கூட்டி வாசித்தார். தீப்பிடிக்கும் அபாயம் வந்த இடத்தில் நிறுத்தி மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். மனமார வருந்துகிறோம் வரைக்கும் போனார்.

"தீப்புடிக்கும்னு முன்கூட்டியே லெட்டரு போட்டு, வருத்தமும் தெரிவிச்சி, நேர்ல ஆளையும் அனுப்புறாங்களா?" என்றார். "நல்ல கம்பெனிதான். எங்கப்பாவுக்கு ஒருத்தரும் லெட்டரு போடல."

அவர் கடிதத்தின் மேல்மூலையில் விரல் வைத்தார்.

"இது என்னா தேதி?"

"கம்பெனி அனுப்பின தேதி."

"ஒங்களுக்கு எப்ப வந்துச்சி?"

"பன்னிரண்டு நாள் ஆச்சு. போன் பண்ணேன். கார்டும் போட்டேன். தீபாவளி வியாபாரம்..."

"கார்டு எதுவும் வரல. எட்டு மைலு" என்றார் அம்சவல்லி.

மிக்ஸி வேண்டுமா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. கடிதத்தோடு வந்திருந்த, ஹீட்டரைத் திரும்பப் பெறும் படிவத்தை எடுத்தேன். தீச்சேதம் ஏற்பட்டிருந்தால் அதற்கும் அதில் ஒரு பத்தி இருந்தது. 'தீ ஏற்பட்ட காரணம். டீலர் தம் கைப்பட எழுதிக் கையொப்பமிட வேண்டும்.' பேனாவின் மூடியைக் கழற்றினேன். அம்சவல்லி குனிந்து அந்த வரியையும் வாசித்தார்.

"காரணம் நீங்கதான் எழுதணுமா?"

"ஆமாம்மா."

"என்னான்னு எழுதப் போறீங்க? மின்கசிவுன்னு எழுதிருங்களேன். அப்பக் கம்பியே இல்லாத தெருவு. இப்ப கரண்டு இருக்கு. எழுதுனா எல்லாரும் நம்புவாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அளவு சரிபார்க்கிறவர் கேட்கிற மாதிரி கேட்டார், அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது. ஐம்பது வயதில் ஒரு படிவத்தின் முன்னால் அழுவது அசிங்கம் என்பதால் எழுத ஆரம்பித்தேன்.

'ஹீட்டரில் குறை. சாக்கை அருகில் வைக்கக் கூடாது என்று புத்தகத்தில் இருந்ததை, இவர் கேட்டும் நான் சொல்லவில்லை. திரும்பப் பெறும் கடிதம் வந்து பதினோரு நாள் நான் வரவில்லை. தெரிந்தே வரவில்லை.'

அம்சவல்லி முழுவதும் வாசித்தார். "பேரு மட்டும் போதாது, ஊரும் எழுதுங்க" என்றார். மன்னார்குடி என்று எழுதினேன். "கடை ஊரு இல்ல. சொந்த ஊரு." அடித்துவிட்டு மாவத்தங்குடி என்று எழுதினேன். நாற்பத்தொரு வருஷத்துக்கு அப்புறம் அந்தத் தெருவில் ஒரு தீக்கு எங்கள் குடும்பத்து ஆள் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டது அன்றைக்குத்தான். கார்பன் தாளுக்கு அடியிலிருந்த நகலை அவர் கிழித்துக்கொண்டு, பட்டா இருந்த பிளாஸ்டிக் பைக்குள் வைத்தார். உருகிப்போன ஹீட்டரைத் தரையிலிருந்து கரண்டியால் பெயர்த்து என் ஸ்கூட்டரில் கட்டி அனுப்பினார்.

மூன்று மூட்டையும் மறுபடி வெயிலில் காய்ந்தன. அந்த வாரமே ஈர வரம்பைத் தளர்த்தி உத்தரவு வந்தது. ஊர் ஏற்கெனவே ஏமாற்றி விற்று முடித்திருந்தது. மிச்சம் இருந்தது நேர்மையாகக் காயவைத்தவரின் மூட்டைகள்தான், அவற்றுக்கு அந்தத் தளர்வு தேவைப்படவில்லை.

பத்து நாள் கழித்து ஏரியா மேனேஜர் போன் செய்தார். இந்த முறை சால்வையைப் பற்றிப் பேசவில்லை.

"சார், படிவத்துல என்னென்னமோ எழுதியிருக்கீங்களே. இப்படியெல்லாம் எழுதினா கம்பெனிக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். புதுப் படிவம் அனுப்புறேன். காரணம்கிற இடத்துல ஒரே வார்த்தை போதும் சார். மின்கசிவுன்னு போட்டுடுங்க."

தாத்தா காலத்தில் இவர் இருந்திருந்தால் காபி கொடுத்திருப்பார்கள்.

"என்னோடதை மாத்தலாம் சார்" என்றேன். "ஆனா இன்னொரு நகல் மாவத்தங்குடியில இருக்கு. அம்சவல்லின்னு கேட்டா யாரும் வீட்டைக் காட்டுவாங்க. அதையும் நீங்களே நேர்ல போய்த் திருப்பி வாங்கிக்குங்க."

வழியை விவரமாகச் சொன்னேன். வாய்க்கால் தாண்டி இடதுபுறம், மூன்றாவது தொகுப்பு வீடு. எழுதிக்கொள்வதாகச் சொன்னார். இன்றுவரை அவர் போகவில்லை.